அப்ரண்டிஸுக்கு யார் வாத்தியார்?

கோவை கணபதியில் ஒரு மெஷின் ஷாப்பில் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்கள் உள்ள செக்‌ஷனின் சூப்பர்வைசர் நான். ஃபிட்டர் டிரேட் படித்தவன். ஐடிஐ-யில் நடக்கும் மாற்றங்களை ஆர்வமாகக் கவனித்து வருகிறேன். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு மேம்படுத்தியது பெரிய காரியம். ரோபோ, மின்வாகனம், அட்வான்ஸ்டு சிஎன்சி என்று புது டிரேடுகள் வந்துவிட்டன. அங்கே படித்து வருகிற பசங்களுக்கு புரோகிராம் பார்த்தால் பயமில்லை. கண்ட்ரோலரில் கை சரளமாக ஓடுகிறது.

படித்து முடித்து அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, கம்பெனிக்குள் வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

போன வாரம் பம்ப் பேரிங் ஹவுசிங் ஓடிக்கொண்டிருந்தது. அதன் துளை, நாங்கள் போர் என்போம், 40 மில்லிமீட்டர், ஹெச்7 என்ற அளவு வரம்பு. அதாவது 40.000-லிருந்து 40.025 வரை இருக்கலாம். இன்சர்ட், அதாவது வெட்டும் முனை, மாற்றி எடுத்த முதல் பீஸில் அப்ரண்டிஸ் தம்பி உடனே கோ கேஜை விட்டுப் பார்த்தான். துளை குறைந்தபட்ச அளவாவது இருந்தால்தான் அந்த கேஜ் உள்ளே போகும். "அண்ணா, கரெக்டாப் போகுதுங்க" என்றான். வார்ப்பிரும்பு, கூலன்ட் விடாத உலர் கட்டிங், பீஸ் கையில் சுட்டது. "ஆறட்டும் தம்பி, அப்புறம் விட்டுப் பாரு" என்றேன். ஆறியதும் கேஜ் வாயிலேயே நின்றுவிட்டது. இருபது டிகிரி சூடு கூடினாலே இந்த அளவு போர் எட்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாகக் காட்டும். துளையை அளக்கும் போர் டயல் வைத்து அளந்து, மெஷினில் எத்தனை மைக்ரான் ஆப்செட் (திருத்த அளவு) ஏற்ற வேண்டும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். இனி அவன் சூட்டோடு அளக்க மாட்டான்.

இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் மெஷின் நின்றது. மெஷினைச் செட் செய்து ஓட்டும் எங்கள் செட்டர்களுக்கு இன்சென்டிவ் பீஸ் கணக்கில். அரைமணி நின்றால் அவர்கள் பாக்கெட்டில்தான் குறையும். அதனால் பல ஷாப்களில் அப்ரண்டிஸை லோடிங், அன்லோடிங், பிசிர் தேய்க்கிற வேலையில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வருஷம் அப்படியே கழிகிறது. செட்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

1961 அப்ரண்டிஸ் சட்டத்தை 2014-ல் திருத்தினார்கள். 2019-ல் விதிகளையும் மாற்றி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்றும், ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய் ஸ்டைபண்ட் (உதவித்தொகை) என்றும் நிர்ணயித்தார்கள். அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. எல்லாம் நல்லதே. ஆனால் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கிற ஆளுக்கு எதுவும் இல்லை. அவருடைய நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஜெர்மனியில் கம்பெனிக்குள் பயிற்சி கொடுப்பவர் அதற்கென்று தனித் தேர்வு எழுத வேண்டும். கம்பெனிகளுக்குச் சுமை என்று 2003-ல் அதை நிறுத்தி வைத்தார்கள். 2009-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் அரசு அடுத்துச் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: அனுபவமுள்ள செட்டர்களுக்குக் குறுகிய பயிற்சி, ஒரு சான்றிதழ், அப்ரண்டிஸோடு செலவிடும் நேரத்துக்குப் படி.

எங்கள் முதலாளியிடம் பேசினேன். சனிக்கிழமை மதியம் ஒரு மெஷினை அப்ரண்டிஸ்களுக்கே விட்டுவிடலாம், அந்த நேரத்துக்கு செட்டரின் இன்சென்டிவைப் பிடிக்க வேண்டாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.