கடிகாரக் கடையும் என் முதல் வெப்காமிக்கும்

என் முதல் வெப்காமிக்கின், அதாவது இணையத்தில் வெளியிடும் படக்கதையின், முதல் அத்தியாயம் வெளிவருவதற்கு முன் 14 மாதம் ‘தயாராகிக்கொண்டு’ இருந்தேன். அதில் முதல் எட்டு மாதம் சுத்தமாக வீண். ஒரு கற்பனை ராஜ்ஜியத்துக்கு வரைபடம் போட்டேன், மூன்று தலைமுறை மன்னர்களுக்குப் பெயர் வைத்தேன், நாணயங்களுக்குக்கூட மதிப்பு நிர்ணயித்தேன். நோட்டில் அறுபது பக்கம் நிரம்பியது. ஒரு முகம்கூட வரையவில்லை. நண்பன் ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு, “சரி, முதல் படக் கட்டத்துல என்ன தெரியும்?” என்று கேட்டான். பதில் இல்லை. ஏற்பாடு என்ற பெயரில் வரைவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ராஜ்ஜியத்தை மூட்டை கட்டி வைத்தேன். பதிலுக்கு ஒரு சின்னக் கதை: தாத்தாவின் கடிகாரம் பழுதுபார்க்கும் கடையை நடத்தும் ஒரு பெண், யாரும் திரும்ப வாங்க வராத ஒரு கடிகாரம். ஆறு அத்தியாயம். பாத்திரங்கள் இரண்டரை, அந்த அரை, போனில் மட்டும் கேட்கும் குரல். முதல் முயற்சிக்கு இந்த அளவு போதும். முடித்துப் பார்க்கிற அனுபவம்தான் எனக்கு அப்போது தேவைப்பட்டது.

ஸ்கிரிப்டை முதலில் சிறுகதை மாதிரி எழுதிவிட்டேன். ‘அவளுக்குள் பழைய நினைவுகள் அலைமோதின’ என்று ஒரு வரி. வரைய உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அலையையா வரைவது? அந்த வரியை அடித்துவிட்டு மூன்று கட்டமாக எழுதினேன். அவள் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறாள். அதன் கைப்பிடியில் சுற்றிய டேப் பாதி உரிந்திருக்கிறது. அவள் வேலையை விட்டுவிட்டு அந்த டேப்பை விரலால் அழுத்தி ஒட்டுகிறாள். தாத்தா சுற்றிய டேப் என்று எங்கேயும் எழுதவில்லை. இன்னொரு பழக்கமும் அப்போதுதான் வந்தது. ‘எழுந்து கதவைத் திறந்து சிரித்தாள்’ என்பது ஒரு வாக்கியம், ஆனால் மூன்று கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் அசைவு என்று எண்ணினால், இரண்டு பக்க ஸ்கிரிப்ட் நாற்பது கட்டமாக வீங்குவது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது தம்ப்நெயில், அதாவது தபால்தலை அளவில் கிறுக்கிப் பார்ப்பது. அச்சுக் காமிக்ஸில் பக்கம்தான் அலகு. போனில் படிப்பவருக்குப் பக்கம் என்றே ஒன்று இல்லை, விரல் மேலே தள்ளத் தள்ள படம் வந்துகொண்டே இருக்கும். கொரியாவில் நேவர் நிறுவனம் 2004-இல் வெப்டூன் என்ற இணையக் காமிக்ஸ் சேவையைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து பரவிய வடிவம் இது. நானோ அச்சுக் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். எனக்கு எல்லாமே பக்கமாகத்தான் தோன்றியது.

அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். காகிதத்தை நீளவாக்கில் வெட்டி ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு நீளமான பட்டையாக்கி, அதில் கட்டங்களைக் கிறுக்கினேன். ஓர் அட்டையில் போன் திரை அளவுக்குச் செவ்வகமாக ஓட்டை போட்டு, பட்டையை அதற்குப் பின்னால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் நான் செய்த ஏற்பாடுகளிலேயே அதிகம் கைகொடுத்தது இதுதான். கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரியவரும் கட்டம், அதற்கு முந்தைய கட்டத்தில் அவள் ‘யாரது?’ என்று கேட்கும்போதே ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தது. அதிர்ச்சி போச்சு. இரண்டுக்கும் நடுவே ஒரு திரை உயரத்துக்கு வெறும் கறுப்பு விட்டேன். அந்தக் கறுப்பைத் தாண்ட விரலுக்கு ஆகும் ஒரு நொடிதான் அவள் கதவை நோக்கி நடக்கும் நேரம். இடைவெளிதான் இங்கே கடிகாரம் என்று அன்று நோட்டில் எழுதி வைத்தேன், கொஞ்சம் கர்வமாகவே.

அளவு விஷயத்தை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். வெப்டூன் தளத்தில் ஒவ்வொரு படத் துண்டும் 800 பிக்சல் அகலம், 1280 பிக்சல் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காக 800 அகலத்திலேயே வரைந்தால், பின்னால் அச்சிட நினைக்கும்போது கையைப் பிசைய வேண்டியிருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது மூன்று அங்குலம்கூட வராது. நான் 1600-இல் வரைந்து, வெளியிடும்போது பாதியாகச் சுருக்குகிறேன். மென்பொருள் கிருதா, இலவசம், எனக்குப் போதும்.

இனி, யாரும் என்னை எச்சரிக்காத பகுதி: எழுத்து. பலூன்களை, அதாவது வசனம் எழுதும் வட்டங்களை, கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று படத்தை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் ‘சொல்லிக்கொண்டிருக்கிறேன்’ என்கிறாள். அந்த ஒரு சொல் பலூனை விட்டு வெளியே போய் அவள் காதைத் தொட்டது. தமிழ்ச் சொற்கள் நீளம், பலூனோ வட்டம். பேச்சு வழக்கில் ‘சொல்லிட்டிருக்கேன்’ என்றதும் கொஞ்சம் அடங்கியது. மீதிக்கு வசனத்தையே வெட்டினேன், அதில் கதைக்கு நல்லதுதான் நடந்தது. வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். மேல் வரியின் ‘கூ’ கீழே இறங்க, கீழ் வரியின் ‘கீ’ மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும். கத்துவதைக் காட்டப் பெரிய எழுத்து என்று தமிழில் தனியாக இல்லை, தடிமனையும் அளவையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

இதோடு நின்றதா? முதலில் நான் முயன்ற ஒரு வரைமென்பொருளில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் இன்னோரிடத்திலுமாகச் சிதறி விழுந்தது. ஒரு வாரம் எழுத்துருவைக் குறை சொன்னேன், குற்றம் மென்பொருளுடையது. இப்போது வசனங்களை இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைமென்பொருளில் அடித்து, படமாக ஏற்றுமதி செய்து மேலே ஒட்டுகிறேன். எழுத்துருவின் உரிமத்தையும் பாருங்கள். கவிவனார், பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பலூனின் இடத்தைத் தம்ப்நெயிலிலேயே குறித்துவிடுவதுதான் என் இப்போதைய முறை. முதலில் வசனம், மிச்ச இடத்தில் முகம்.

பாத்திரத் தாள், அதாவது பாத்திரம் எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி இருக்கப் பார்த்து வரையும் தாள், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன், பக்கவாட்டு, முக்கால் முகம், பின் என நான்கு கோணம், ஆறு முகபாவம், நிறங்களின் குறியீடு, இருவரும் பக்கத்தில் நின்றால் யார் தலை எங்கே வரும் என்ற கோடு. ஆனால் அவளுக்குக் கட்டம் போட்ட சட்டை மாட்டியிருந்தேன். கதையில் பத்துப் படக் கட்டம் வரைந்ததும் அதைக் கழற்றி வெற்றுச் சட்டை போட்டுவிட்டேன்.

சட்டையைவிடப் பெரிய தொல்லை கடை. சுவர் முழுக்கக் கடிகாரம், எண்ணிப் பார்த்தால் நாற்பது. ஒவ்வொரு கட்டத்திலும் பின்னால் நாற்பது கடிகாரம் என்றால் நான் இந்த ஜென்மத்தில் முடிக்க மாட்டேன். சுவரை மூன்று கோணத்தில் ஒரே ஒருமுறை முழுதாக வரைந்து தனி அடுக்குகளாக வைத்துக்கொண்டேன். பழுதுக்கு வந்தவை என்பதால் எல்லாம் நின்றுபோனவை, முள்ளை மாற்றவே வேண்டாம்! ஓடுவது ஒன்றே ஒன்று, கல்லாவுக்கு மேலே. அதன் முள்ளை மட்டும் காட்சிக்குக் காட்சி மாற்ற வேண்டும்.

அப்புறம் நேரக் கணக்கு. முதல் அத்தியாயம் 32 கட்டம். ஸ்கெட்ச் 5 மணி, கோடு 9, வண்ணம் 11, எழுத்து 3. மொத்தம் 28 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே எனக்கு வாரத்தில் கிடைப்பது எட்டு மணி. வாராவாரம் வெளியிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்! அத்தியாயத்தை 22 கட்டமாகக் குறைத்தேன். நிழல் வேலையை விட்டுவிட்டு மூன்றே நிறத்தில் தட்டையாகப் பூசினேன். 15 மணிக்கு இறங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பது அங்கிருந்து வந்த முடிவு. முதல் நான்கு அத்தியாயங்களை முடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் முதலாவதை வெளியிட்டேன். இரண்டாவது வெளிவந்த வாரம் மணிக்கட்டு வீங்கி, பத்து நாள் பேனாவையே தொட முடியவில்லை. படிப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஓடும் கடிகாரத்துக்காக ஸ்கிரிப்டின் ஓரத்தில் ஒவ்வொரு காட்சியின் நேரத்தையும் குறித்து வைத்திருந்தேன். அப்படியும் நான்காம் அத்தியாயத்தில், நல்ல மத்தியான வெயிலில், அது 5:10 காட்டிக்கொண்டிருக்கிறது. வெளிவந்த அன்றே ஒரு வாசகர் கண்டுபிடித்து, அது ஏதோ துப்பு என்று நினைத்து, அந்த நேரத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆர்வமாகக் கேட்டிருந்தார். ‘பொறுத்திருந்து பாருங்கள்’ என்று பதில் போட்டுவிட்டேன். ஆறாம் அத்தியாயத்தின் தம்ப்நெயிலை இப்போது மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன்.