ஜேம்ஸ் பிரவுன் பாட்டுக்குச் சுழலும் சக்கரங்கள்

சிகாகோவின் தென்பகுதியில், 87-ஆம் தெருவில் இருக்கும் ‘தி ரிங்க்’ என்னும் ஸ்கேட்டிங் அரங்கம் 1975-இல் திறக்கப்பட்டது. இந்நகரத்துக் கறுப்பின மக்கள் இப்படிப்பட்ட அரங்குகளில் ஆடி வளர்த்த பாணிக்கு ‘ஜேபி’ என்று பெயர். அமெரிக்க சோல், ஃபங்க் இசைப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுடைய பெயரின் முதல் எழுத்துகள் அவை. அவருடைய பாடல்களின் தாளக்கட்டை டிஜே நீட்டியும் மடக்கியும் ஒலிக்கவிட, அதற்கேற்பக் கால்களைப் பின்னிப் பிரித்து ஆடிக்கொண்டே தளத்தைச் சுற்றி வருவார்கள்.

எழுபது வயதைக் கடந்த ஒருவர் அப்படி ஆடியதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தோளும் தலையும் அசையாமல் இருக்க, இடது கால் வலது காலுக்குப் பின்னால் போய், அடுத்த அடி விழுவதற்குள் திரும்பிவிடும். கணுக்காலை உயரமாகப் பிடிக்கும் தோல் காலணி அணிந்திருந்தார். முனையில் இருக்க வேண்டிய ரப்பர் பிரேக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிறிய அடைப்பான் ஒன்றைப் பொருத்தியிருந்தார். சக்கர அச்சைச் சற்றுத் தளர்த்தி வைத்தால், பாதத்தைச் சாய்த்த உடனே நான்கு சக்கரங்களும் அந்தப் பக்கம் வளைந்துகொடுக்கும். ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863-இல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அதை வைத்து இசைக்கு ஆட முடியும் என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டியவர்கள் கறுப்பின ஸ்கேட்டர்களே என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு முதல் பாடம் சொல்லித்தந்தவர் அங்கே பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஓர் அம்மையார். சுவரைப் பிடித்தபடி நின்ற என்னிடம் தாமாகவே வந்து, முழங்கையைப் பற்றிக்கொண்டு, “முழங்காலை மடக்கும்மா, காலைப் பார்க்காதே, பாட்டைக் கேள்” என்றார். இரண்டு வாரம் நான் போகாமலிருந்து மூன்றாம் வாரம் போனபோது, “எங்கே போயிருந்தாய், உடம்புக்கு ஒன்றுமில்லையே?” என்று அவரும் காலணி வாடகைக்குத் தரும் இளைஞரும் தனித்தனியே கேட்டார்கள். நான் வராததைக் கவனிக்க அந்த ஊரில் ஆள் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்த உபசரிப்பின் அருமை, அவர்களுடைய வரலாற்றைப் படித்த பிறகு இன்னும் கூடியது. 1940-களில் இதே தென்பகுதியில் ‘வைட் சிட்டி’ என்றொரு அரங்கம் இருந்தது. சுற்றிலும் கறுப்பின மக்கள் குடியிருந்தும், உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி என்ற சாக்கில் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜேம்ஸ் ஃபார்மர் முதலியோர் தொடங்கிய ‘கோர்’ என்னும் இன சமத்துவ அமைப்பு 1946-இல் அதன் வாசலில் மறியல் செய்தது. அதன் பிறகே கதவு திறந்தது. 1963 ஆகஸ்டில் லெட்ஜர் ஸ்மித் என்ற தொழில்முறை ஸ்கேட்டர், ‘விடுதலை’ என்று எழுதிய பட்டையை மார்பில் அணிந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்குச் சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தூரத்தைச் சக்கரக் காலணியிலேயே 10 நாட்களில் கடந்தார்.

இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகும் பல அரங்குகள் கறுப்பின மக்களுக்கு வாரத்தில் ஓர் இரவை மட்டும் ஒதுக்கின. விளம்பரத்தில் ‘சோல் நைட்’, ‘அடல்ட் நைட்’ என்று போட்டிருக்கும்; யாருக்கான இரவு என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் விரும்பும் சிறிய, கெட்டியான சக்கரங்களுக்கும் ராப் இசைக்கும் தடை விதித்த அரங்குகள் உண்டு. தளம் கெட்டுவிடும் என்று சொல்லலாம். ஆனால் சக்கரம், பாட்டு இரண்டும் ஒரே மக்களுடையவையாக இருக்கும்போது அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒதுக்கப்பட்ட அந்த இரவுகளில்தான் ஊருக்கு ஒரு பாணி செழித்தது. பால்டிமோரில் ‘ஸ்னாப்பிங்’ என்று அழைக்கப்படும் ஆட்டம், பிலடெல்பியாவில் வேகமாகப் பின்னோக்கி ஓடுவது, நியூயார்க், நியூ ஜெர்சி பகுதியில் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து ரயில்போலச் செல்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சாயல் உண்டு. கால்களின் அசைவை வைத்தே ஆடுபவர் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். புரூக்ளினின் ‘எம்பயர்’ அரங்கில் 1957-இல் ஜாஸ் இசைத்தட்டுடன் நுழைந்த பில் பட்லர், பின்னாளில் ரோலர் டிஸ்கோவின், அதாவது டிஸ்கோ இசைக்குச் சக்கரக் காலணியில் ஆடும் ஆட்டத்தின், தந்தை என்றே போற்றப்பட்டார். 1941-இல் திறந்த அந்த அரங்கம் 2007-இல் மூடப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸின் ‘வேர்ல்டு ஆன் வீல்ஸ்’ 2013-இல் மூடி, 2017-இல் மீண்டும் திறந்தது. அப்படித் திரும்பி வருபவை மிகச் சில. நிலத்தின் விலை ஏற ஏற அரங்குகள் குறைகின்றன. அதனால்தான் வேறு மாநிலத்தில் ஓர் இரவு ஆடுவதற்காக மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போகிறார்கள்.

2020-இல் ஊரடங்கின்போது ஸ்கேட்டிங் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. இது புதிதாகப் பிறந்த மோகம் என்று பலர் எழுதினார்கள். தலைமுறைகளாக ஆடிவரும் கறுப்பின ஸ்கேட்டர்கள் வருந்தியதில் முழு நியாயம் இருக்கிறது. நான் அங்கே விருந்தாளி. ஆகவே நேரத்துக்குப் போகிறேன், நுழைவுக் கட்டணத்தைக் கொடுக்கிறேன், பெரியவர்கள் நடுத்தளத்தில் ஆடும்போது ஓரமாக விலகி நின்று அவர்களுடைய கால்களைக் கவனிக்கிறேன். பின்னோக்கிச் சறுக்குவது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அம்மையார் இந்த மாதத்துக்குள் அதைக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார்; டெட்ராய்ட்டிலிருந்து அவருடைய தோழிகள் வரும்போது அவர்களோடு நானும் ஒரு சுற்று வர வேண்டுமாம்.