மாட்ரிட் சுர்ரோஸ்: ஆறிப்போனால் காசு தண்டம்

சுர்ரோஸ் என்பது மாவைப் பிழிந்து எண்ணெயில் பொரிக்கும் ஸ்பானியப் பலகாரம். பட்டைப்பொடி தூவிய சுர்ரோஸை எதிர்பார்த்து மாட்ரிட்டுக்குப் போகாதீர்கள். இங்கே அது வெறும் மைதா, தண்ணீர், உப்பு. முட்டையும் இல்லை, பாலும் இல்லை. சர்க்கரையைத் தனியாகத்தான் தருவார்கள். இனிப்பு எல்லாம் பக்கத்தில் வரும் சாக்லேட்டில். அதுவும் மடக்கென்று குடிக்கிற சமாச்சாரமல்ல, கூழ்ப் பதம். பெரும்பாலும் சோளமாவு சேர்த்துக் காய்ச்சுவதால் ஆற ஆற இறுகி ஏடு கட்டிவிடும். படம் எடுப்பதெல்லாம் அப்புறம், முதலில் தோய்த்துத் தின்னுங்கள்.

மாவு கிட்டத்தட்ட நம் இடியாப்ப மாவு மாதிரிதான். 250 கிராம் மைதாவில் அரைத் தேக்கரண்டி உப்பு, கொதிக்கக் கொதிக்க 250 மில்லி தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். பிறகு நட்சத்திர அச்சில் பிழிந்து 190 டிகிரி எண்ணெயில் பொரிப்பார்கள். நட்சத்திரம் அழகுக்காக அல்ல! இந்தக் கெட்டி மாவை வட்டத் துளையில் பிழிந்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே அடைபட்ட ஆவி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இதில் விளையாட வேண்டாம். எண்ணெய்ச் சூடு குறைந்தாலும் கெட்டது, சுர்ரோஸ் எண்ணெய் குடித்துவிடும்.

பசி அதிகமென்றால் போர்ராஸ் கேளுங்கள். சமையல் சோடா சேர்த்த இளகிய மாவை ஜிலேபி போலப் பெரிய சுருளாகப் பொரித்துக் கத்தரியால் வெட்டித் தருவது. தடிமன், உள்ளே பஞ்சு. என் ஓட்டு இதற்குத்தான்.

எல்லோரும் போகிற இடம் 1894-இல் தொடங்கிய சான் ஹினேஸ் என்ற கடை. சோல் மெட்ரோவிலிருந்து நடை தூரம், அரேனால் தெருவை ஒட்டிய சந்து. வரிசை நீளம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தால்தான் தட்டில் வருவது எப்போதும் சுடச்சுட இருக்கிறது. இரவிலும் கிடைக்கும்.

சிக்கனம் பார்ப்பவர்களுக்குத் தெருமுனை பார்கள் போதும், காலை 9 மணிக்குள் போனால். பல பார்களில் அங்கேயே பொரிப்பதில்லை, விடிகாலையில் வெளியிலிருந்து வாங்கி அடுக்கி வைக்கிறார்கள். 11 மணிக்கு அது ரப்பர். வாசலில் "சுர்ரேரியா" (சுர்ரோஸ் கடை) என்று எழுதியிருக்கிறதா, உள்ளே எண்ணெய்ச் சட்டி தெரிகிறதா என்று பாருங்கள். நின்றுகொண்டே தின்றால் ஒரு விலை, வெளியே நாற்காலி போட்ட இடத்தில் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல் விலை என்பது பல கடைகளில் வழக்கம். பலகையில் "தெர்ராஸா" என்று தனி விலை இருந்தால் அது இதுதான்; பில் வந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.