ராம்போசூக்கஸ் எத்தனை அடி?

பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடம் எடுக்கும்போது, புதைபடிவம் என்ற இடம் வந்ததும் நான் டைனோசரைத் தொட மாட்டேன். நேராக ராம்போசூக்கஸுக்குப் போய்விடுவேன். நம் நாட்டு மண்ணில் கிடைத்த முதலை, டைனோசர் அளவுக்கே பிள்ளைகளை வாய் பிளக்க வைக்கும் முதலை. பெயரைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்துவிடும்: "எத்தனை அடி மிஸ்?"

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வராது. அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எண்ணைவிடச் சுவையானது.

இமயமலை உயர்ந்துகொண்டிருந்த காலத்தில் அங்கிருந்து இறங்கிய ஆறுகள் வண்டலையும் மணலையும் அடிவாரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தன. செத்த விலங்குகளின் எலும்புகள் அதில் புதைந்தன. அப்புறம் அந்த வண்டல் படுகையே மேலே எழும்பிச் சிவாலிக் குன்றுகளாக நின்றது. 1830களில் அங்கே எலும்பு பொறுக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹியூ ஃபால்கனர், சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர். இன்னொருவர் பிராபி காட்லி, கால்வாய்ப் பொறியாளர். பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டியவர் இவர்தான். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இவர்கள் சேர்த்த எலும்புகளுக்காக லண்டன் புவியியல் கழகம் 1837இல் இருவருக்கும் வொலாஸ்டன் பதக்கம் கொடுத்தது. ராட்சத ஆமை, சிவதேரியம் என்ற கொம்புள்ள ஒட்டகச்சிவிங்கி இனம், இவற்றோடு ஒரு தடித்த பல் முதலை. 1840இல் அதற்கு 'கிராசிடென்ஸ்' என்று இனப்பெயர் வைத்தார்கள். 1886இல் ரிச்சர்ட் லைடெக்கர் அதை ராம்போசூக்கஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார்.

கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் மூக்குப் பகுதியும் தாடைத் துண்டுகளும்தான். முழு உடல் இல்லை. சரி, ஒரு மூக்குத் துண்டை வைத்துக்கொண்டு உடலின் நீளத்தை எப்படிச் சொல்வது?

உயிரோடிருக்கும் முதலைகளை அளந்துதான். உவர்நீர் முதலையை எடுத்துக்கொண்டால், தலையின் நீளத்தைப் போல சுமார் ஏழு மடங்கு மொத்த நீளம். ஆக, மூக்குத் துண்டிலிருந்து முழு மண்டையோட்டை ஊகிக்க வேண்டும், மண்டையோட்டிலிருந்து உடலை ஊகிக்க வேண்டும். முதல் படியில் அரை மீட்டர் கூடிப்போனால், ஏழால் பெருக்கும்போது மூன்றரை மீட்டர் கூடிவிடும். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். பழைய மதிப்பீடு 15 முதல் 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 50, 60 அடி. 2001இல் ஜேசன் ஹெட் என்ற ஆய்வாளர் மறுபடி கணக்கிட்டபோது அது 8 முதல் 11 மீட்டருக்கு இறங்கியது. இன்றைக்கும் இணையத்தில் 60 அடியைத்தான் போடுகிறார்கள். எனக்கு இது வருத்தம். 11 மீட்டர் என்றால் ஒரு பேருந்தின் நீளம், அது போதாதா?

ஆக, செத்துப்போன முதலையை அளக்கும் கோல் உயிரோடிருக்கும் உறவினர்களிடம்தான் இருக்கிறது. அந்த உறவினர் யார் என்பதில்தான் பெரிய சண்டையே.

நீண்ட மூக்கு முதலைகளில் இன்று மிஞ்சியிருக்கும் முக்கியமான இரண்டு, நம் வட இந்திய, நேபாள ஆறுகளில் வாழும் கரியாலும், மலேசியா, சுமத்ரா, போர்னியோ சதுப்புக் காடுகளில் வாழும் தொமிஸ்டோமாவும். ராம்போசூக்கஸைத் தொமிஸ்டோமாவின் பக்கம் வைப்பதுதான் வழக்கம். ஆனால் தொமிஸ்டோமாவே யாருடைய சொந்தம்? எலும்பை மட்டும் பார்த்தவர்கள் அது சாதாரண முதலைகளின் கிளை, மூக்கு நீண்டது மீன் பிடிக்கத் தோதாக வந்த தற்செயல் ஒற்றுமை என்றார்கள். புரதத்தையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டவர்கள் 1980களிலிருந்தே, "இல்லை, அது கரியாலின் நெருங்கிய உறவு" என்றார்கள். 2022இல் தென்சீனாவில் கிடைத்த ஹன்யுசூக்கஸ் என்ற முதலையை விவரித்தார்கள். வெண்கலக் காலம் வரை மனிதரோடு வாழ்ந்தது, எலும்பில் வெட்டுக் காயம்கூட இருக்கிறது. கரியாலின் சாயலும் தொமிஸ்டோமாவின் சாயலும் அதில் கலந்திருந்தன. டிஎன்ஏ சொன்னதற்கு எலும்பிலேயே சாட்சி கிடைத்தது என்றுதான் நான் அதைப் படித்தேன். அப்படியானால் ராம்போசூக்கஸும் கரியாலும் ஒரே பெரிய குடும்பம்.

என் கணவருக்குக் குவாலியரில் வேலை இருந்த வருடங்களில் நான் கரியாலை முதன்முதலாகப் பார்த்தேன். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே ராஜ்காட்டில் சம்பல் ஆற்றில் படகு விடுவார்கள். குளிர்காலக் காலை. மணல்திட்டில் பெரிய ஆண் ஒன்று வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மூக்கு நுனியில் ஒரு குமிழ், குப்புறக் கவிழ்த்த சட்டி போல. பல் வரிசை வாய்க்கு வெளியே கோத்துக்கொண்டு நின்றது, நூற்றுக்கும் மேல். படகு நெருங்கியதும் அது எழுந்து நடக்கவில்லை. வளர்ந்த கரியாலால் வயிற்றைத் தூக்கி நடக்க முடியாது. மணலில் அப்படியே வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது, மணலில் அகலமான ஒரு தடம் மட்டும் பளபளவென்று இருந்தது. அந்த மூக்குக் குமிழ் சதை, கல்லாக மாறாது. ஆனால் அது உட்காரும் இடத்தில் மண்டையோட்டில் ஒரு பள்ளம் உண்டு, ஆணுக்கு அது பெரியது. கரியால் மாதிரியான ஒரு புதைபடிவம் கிடைத்தால் ஆணா பெண்ணா என்று கேட்கக்கூட உயிரோடிருக்கும் கரியால்தான் வழி.

அந்தக் கரியால்தான் 1970களில் 200க்கும் கீழே போனது. 1975இல் முதலைத் திட்டம் தொடங்கி, முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். மொரேனா அருகே தேவரியில் அந்த வேலை நடக்கிறது. நம் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலி முதலைப் பண்ணையிலும் கரியாலைக் காணலாம். 2007 டிசம்பரிலிருந்து சில மாதங்களுக்குள் சம்பலில் நூற்றுக்கு மேல் செத்து ஒதுங்கின. சிறுநீரகம் கெட்டிருந்தது. யமுனையிலிருந்து வந்த நஞ்சு, தின்ற மீன் வழியாக ஏறியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். இன்றைக்கும் மணல் அள்ளுகிறார்கள். கரியால் மார்ச், ஏப்ரலில் முட்டையிடுவது அந்த மணல்திட்டில்தான். மழைக்கு முன்னால் ஜூனில் குட்டிகள் வரும். திட்டை லாரியில் ஏற்றிவிட்டால் அந்த வருடக் குட்டிகள் இல்லை. மேலே அணைகள் வேறு. கோடையில் தண்ணீரும் வற்றுகிறது.

ஆக்ரா, தாஜ்மஹால் என்று வடக்கே போகிறவர்கள் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், ராஜ்காட்டில் காலையிலேயே படகு ஏறுங்கள், பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். மணல்திட்டில் கட்டையாகத் தெரிவதையெல்லாம் இரண்டாம் முறை பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.