தேநீர்க் கணக்கு

2025 மார்ச் 18, செவ்வாய்

சங்கிலி வங்கிக்குப் போய்விட்டது. வவுனியா மாநகரசபைத் தேர்தலில் என் கணவர் சுயேச்சைக் குழுவொன்றில் நிற்கிறார்; நாளை மதியத்துடன் வேட்பாளர் கட்டுப்பணம் கட்டும் காலம் முடிகிறது. கட்சிக்காரர்களுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். சுயேச்சைக் குழு என்றால் ஆளுக்கு 5,000. வட்டாரத்தில் நிற்பவர்கள், பட்டியலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். குழுத் தலைவர் தன் ஹார்ட்வெயார்க் கடையை நம்பிப் பாதியைப் பொறுப்பெடுத்தார். மற்றப் பாதி எங்கள் வீட்டுப் பெண்களின் கழுத்துகளிலிருந்து போகிறது.

விகிதாசார ஆசனங்களுக்கான மேலதிகப் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அது தலைவருக்கு இரவு பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. "பெயர் மட்டும்தான் தங்கச்சி, உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மனு ஏற்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழின் பிரதி சரியில்லை என்று எத்தனையோ மனுக்களைத் தள்ளிவிட்டார்களாம். எங்கள் குழுவில் இருக்கும் தம்பியின் பத்திரத்தை முந்தாநாள் பார்த்து, சமாதான நீதவானிடம் போய் உறுதிப்படுத்திக்கொண்டு வா என்று துரத்தியது நான். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் பண்டாரவன்னியன் சிலையடியில் எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். படத்தில் பெண்கள் யாரும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

சின்னம் கிடைத்திருக்கிறது. அது என்னவென்று இங்கே எழுத விருப்பமில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 2, புதன்

காலை ஆறு மணிக்குப் படலை திறந்தால் இரவு பதினொன்று வரை மூடுவதில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் தேநீர். சீனி எவ்வளவு முடிந்தது, பால்மா எவ்வளவு முடிந்தது என்று கொப்பியில் எழுதி வருகிறேன். 2023இல் கொண்டுவந்த சட்டத்தின்படி தேர்தல் செலவைக் கணக்குக் காட்ட வேண்டும். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்; தோற்றவரும் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் மட்டும் போட்ட நானும் கொடுக்க வேண்டும். ஒரு வேலையும் இல்லை என்றாரே தலைவர்!

வருகிறவர்கள் சங்குச் சின்னத்துக்கு எவ்வளவு விழும், வீட்டுச் சின்னத்துக்கு எவ்வளவு விழும், ஜனாதிபதி அநுரவின் திசைகாட்டிக்கு இந்த முறை எங்கள் ஆட்களே போடுவார்களா என்று பேசுகிறார்கள். சமஷ்டி, ஜெனீவா, அநுர எல்லாம் எங்கள் விறாந்தையில் அலசப்படுகின்றன. ஒழுங்கை முனையில் வாய்க்கால் அடைபட்டு, சாப்பாட்டுக் கடைக் கழிவெண்ணெய் பச்சையாகப் படிந்து நிற்கிறது. முன்பள்ளிக்குப் போகும் என் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் வருகிறார்கள். வந்த எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். யாராவது அதைப் பற்றிக் கதைத்தால் அவருக்கு இரண்டாவது கோப்பை கொடுப்பது என்று வைத்திருந்தேன். கோப்பை மிச்சம்.

ஏப்ரல் 3, வியாழன்

மழை. வாய்க்கால் தண்ணீர் படலைக்குள்.

ஏப்ரல் 9, புதன்

இவர் வாக்காளர் இடாப்பை மேசையில் விரித்துச் சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவும் வைத்துக்கொண்டு இருக்கிறார். நீலம் நம்முடைய வாக்கு. சிவப்பு நம்முடையது அல்ல. நான் பென்சிலால் மூன்றாவது அடையாளம் போடத் தொடங்கினேன்: ஆள் இல்லை. அந்த மூலை வீட்டில் நான்கு வாக்கு இடாப்பில் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் பிரான்ஸில். அடுத்த வீட்டு மகன் கட்டாரில். 2023இல் இதே வட்டாரத்துக்கு மனுப் போட்டவர் கனடாவில். அந்த வருடம் மார்ச் 9ஆம் திகதி என்று நாள் குறித்து, காசில்லை என்று நிறுத்தினார்களே, அந்தத் தேர்தலில் நின்றவர். தேர்தலும் போயிற்று, ஆளும் போனார்.

உள்ளூராட்சித் தேர்தலில் கடைசியாக வாக்களித்தது 2018 பெப்ரவரி 10ஆம் திகதி. அதற்குப் பிறகு நகரசபை மாநகரசபையாகிவிட்டது. பெயர்ப்பலகை அகலமாகியிருக்கிறது, வாய்க்கால் அகலமாகவில்லை.

மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். "சின்னவனுடைய பெயர் எத்தனையாவது?" என்று கேட்டார். இவர் பேனாவை மூடினார். வாக்காளர் பதிவுக்கான பி.சி. படிவம் வரும்போதெல்லாம் மாமி அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதுவார். பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், எல்லாம் மனப்பாடம். இடாப்பில் அது வருவதில்லை. வெட்டுவது யார் என்று நாங்கள் விசாரிப்பதும் இல்லை. "இந்தப் பக்கத்தில் இல்லை, அம்மா" என்றார் இவர். "அடுத்த பக்கத்தைப் பார்" என்றார் மாமி.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. கைவிசேஷம் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் வாக்கு இருக்கிறதா என்று இவர் கேட்டார். ஏழு வயதுப் பையனிடம் கூட.

ஏப்ரல் 21, திங்கள்

பாப்பரசர் காலமாகிவிட்டார். இறம்பைக்குளம் அந்தோனியார் கோயில் பக்கம் இன்று துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போக வேண்டாம் என்று சொன்னேன். தலைவர் அங்கே ஓர் இரங்கல் பதாகை கட்டலாம் என்றார், குழுவின் சின்னத்துடன். இந்த மனிதருக்கு யார் புத்தி சொல்வது?

ஏப்ரல் 24, வியாழன்

தபால்மூல வாக்களிப்புத் தொடங்கியது. சித்தப்பா கச்சேரியில் வேலை செய்கிறவர். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போனார். சிவப்பு.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று இவருடன் நானும் வீடு வீடாகப் போனேன். பின் ஒழுங்கையில் 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பெரியம்மா ஒருவர், ஆவணம் இல்லாத காணி, கூரையில் தகரம். வாக்குக் கேட்ட இவரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மாநகரசபை டிராக்டர் அந்த ஒழுங்கைக்குள் திரும்பாதாம். குப்பை எல்லாம் பையில் கட்டி, வரிசையாக, ஒவ்வொரு பையிலும் கட்டிய திகதி நீல மையால் எழுதியிருந்தது. "யாராவது கேட்டால் காட்டத்தான் பிள்ளை" என்றார். அவருக்குச் சோலைவரி ரசீது மட்டும் தவறாமல் வருகிறது. வாக்குக் கேட்கக் கூசியது. இவர் கேட்டார்.

கொப்பியின் பின்பக்கத்தில் ஒழுங்கை ஒழுங்கையாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். எரியாத மின்கம்பங்கள், மூடியில்லாத கான்கள், டிராக்டர் திரும்பாத இடங்கள். இதைக் கொண்டுபோய் என்ன செய்வேன்?

ஏப்ரல் 29, செவ்வாய்

தலைவர், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராடும் கொட்டகைக்குப் போய் அவர்களுடன் ஒரு படம் எடுக்க வேண்டும் என்கிறார். 2017இல் போட்ட கொட்டகை. மாமி அங்கேதான் பகலெல்லாம். இவர் தாயிடம் கேட்கத் தயங்கி, என்னைக் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. கடைசியில் இவரே குசினி வாசலில் நின்று கேட்டார்.

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "நீ வா. மகனாய் வா. காலை வந்து பின்னேரம் வரை இரு. கமெராவை வீட்டில் வைத்துவிட்டு வா" என்றார்.

இவர் போகவில்லை. தலைவரும் போகவில்லை.

மே 3, சனி

நள்ளிரவுடன் பிரசாரம் முடிகிறது. ஒலிபெருக்கிக்காரனுக்குப் பாக்கி. பால்மா முடிந்து வெறும் தேநீர்.

மே 5, திங்கள்

அமைதி நாள். வீட்டில் ஒருவரும் பேசவில்லை. ஆணைக்குழு சொன்னதற்காக அல்ல.

மே 6, செவ்வாய்

ஏழு மணிக்கே போனோம். வாக்குச்சீட்டில் கட்சிகளும் குழுக்களும் சின்னங்களும் மட்டும். ஆள் பெயர் இல்லை. இவரை இத்தனை வருடமாகத் தெரிந்த சனம், பெயரைத் தேடிக் காணாமல் எங்கள் பரிதாபச் சின்னத்தைத் தேடிப் பிடித்துப் புள்ளடி போட வேண்டும். மாமி மறைப்புக்குள் அதிக நேரம் நின்றார். அலுவலர் எட்டிப் பார்க்காமல் "அம்மா, முடிந்ததா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நான்கு மணிக்கு முடிந்து அங்கேயே எண்ணுகிறார்கள். இவர் முகவராக உள்ளே. எட்டு மணியாகிறது. தொலைபேசி இல்லை. வாய்க்கால் நாற்றம், சோளகக் காற்று எழுந்துவிட்டதால் நேராக உள்ளே வருகிறது.

மே 7, புதன்

தோற்றுவிட்டார். எத்தனை வாக்கு என்று எழுதமாட்டேன். நீலப் பேனாவால் போட்ட அடையாளங்களில் பாதிகூட வரவில்லை. இவர் இடாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். யார் பொய் சொன்னார்கள் என்று வீட்டு இலக்கப்படி பார்க்கிறார் போல.

எல்லா வட்டாரமும் கூட்டியதில் குழுவுக்கு விகிதாசாரத்தில் ஓர் ஆசனம்.

மே 9, வெள்ளி

அந்த ஓர் ஆசனத்துக்கு யாரைப் போடுவது என்பது குழுவின் கையில். தோற்றவரையும் போடலாம், பட்டியலில் இருப்பவரையும் போடலாம். 20 வீதத்துக்குக் குறைவாக எடுத்து, மூன்று ஆசனமும் கிடைக்காத குழுக்கள் பெண்ணைப் போடத்தான் வேண்டும் என்றில்லையாம். பெண்கள் தேவை என்பது தலைவருக்கு இரவு பத்து மணிக்கு ஞாபகம் வந்தது. தேவையில்லை என்பது விடியுமுன்னே ஞாபகம் வந்துவிட்டது.

மே 13, செவ்வாய்

பின் ஒழுங்கைப் பெரியம்மா படலையில் வந்து நின்றார். இவரைக் கேட்டு வரவில்லை. "அந்தக் கொப்பி இருக்கிறதா பிள்ளை?" என்றார்.

மே 18, ஞாயிறு

கஞ்சி காய்ச்சினோம். உப்பு மட்டும். மாமி முள்ளிவாய்க்காலுக்கு விடியப் போய்விட்டார். இவரும் கூடப் போனார். கமெரா இல்லை.

மே 22, வியாழன்

இரவு இவர் கேட்டார்: "உம்முடைய பெயரைச் சொல்லட்டுமா?" தனக்காகத்தான் கேட்பார் என்று நினைத்திருந்தேன். பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்த பிறகு, "நான் சொன்னால் தலைவர் கேட்கமாட்டார், நீரே சொல்ல வேண்டும்" என்றார். அப்படியென்றால் எதற்கு என்னிடம் கேட்டார்? கோபம் வந்து நித்திரை போய்விட்டது. எழுந்து செலவுக் கணக்கைக் கூட்டினேன். சீனி மட்டும் எவ்வளவு என்று பார்த்தால் ஒரு முன்பள்ளியையே ஒரு தவணைக்கு நடத்தலாம்.

மே 24, சனி

தலைவரின் மருமகனும் கேட்கிறானாம்.

மே 25, ஞாயிறு

கணக்குப் படிவங்கள் இரண்டும் நிரப்பியாகிவிட்டது, இவருடையதும் என்னுடையதும். நாளை கச்சேரிக்கு.

இன்று ஆறு மணிக்குக் கடை மாடியில் கூட்டம். என்னையும் வரச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பினார். கொப்பியைக் கொண்டுவரச் சொன்னாராம். எந்தப் பக்கத்தைக் கேட்கிறார், முன்பக்கத்தையா பின்பக்கத்தையா என்று வந்த பொடியனுக்குத் தெரியவில்லை. மாமிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், தனியே விட முடியாது. ஐந்தரை ஆகிறது. இவர் இன்னும் வரவில்லை.