கேன்சஸ் சிட்டியில் டோனி ஸ்டோனைத் தேடிப் போகிறவர்களுக்கு

டோனி ஸ்டோன், ஆண்களின் தொழில்முறை பேஸ்பால் அணியில் ஆடிய கருப்பினப் பெண். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 18-ஆவது தெருவும் வைன் தெருவும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகம். வெள்ளையர் லீக்குகளில் இடம் மறுக்கப்பட்ட கருப்பினத்தவர் தனியே ஆடிய லீக்குகள்தான் நீக்ரோ லீக்குகள். திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறன்று மதியம்தான் திறப்பார்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் கம்பி வலைக்கு அப்பால் ஒரு சின்ன மைதானமும் ஆளுயர வெண்கலச் சிலைகளும் தெரியும். உடனே அதற்குள் போக முடியாது. காட்சிகளையெல்லாம் சுற்றி முடித்த பிறகுதான் கால் வைக்கலாம். கருப்பின ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்திவைத்த காலத்தை அந்த வலை உணர்த்துகிறது. காட்சிகள் கால வரிசையில் போவதால், பெண்கள் ஆடிய 1950-கள் கடைசியில்தான் வரும். கால் வலிக்கிற நேரம், மைதானமும் கண்ணெதிரே இருக்கும். வேகமாகக் கடந்துவிடத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும்.

மூன்று பேர்: டோனி ஸ்டோன், மேமி ஜான்சன், கானி மார்கன். 1947-இல் கருப்பின வீரர் ஜாக்கி ராபின்சன், அதுவரை வெள்ளையருக்கென்றே இருந்த மேஜர் லீக்கில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கிய பின், திறமையான கருப்பின வீரர்கள் ஒவ்வொருவராக மேஜர் லீக்குகளுக்குப் போனார்கள். ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள். கூட்டத்தை மீட்க வழி தேடிய இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற நீக்ரோ லீக் அணியின் உரிமையாளர் சிட் போலக், 1953-இல் ஸ்டோனைச் சேர்த்தார். விளம்பர நோக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் அவரை நிறுத்தியது இரண்டாம் பேஸில்; ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று அது. அங்கே நிற்பவர் பந்தைப் பிடித்து, பேஸை மிதித்து, அதே வேகத்தில் முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ஓடிவருபவரோ இரும்பு முள் பதித்த ஷூவோடு சறுக்கி வந்து மோதுவார். ஸ்டோனின் இடது மணிக்கட்டில் அந்த முள் கிழித்த தழும்பு இருந்தது. அதைப் பெருமையோடு காட்டுவார். பாவாடை அணிந்து ஆடச் சொன்னபோது முடியாது என்று சொல்லிவிட்டார்.

மேமி ஜான்சன் பந்து எறிபவர். அப்போது பெண்களுக்கென்றே ஒரு தொழில்முறை லீக் இருந்தது. கருப்பினப் பெண் என்பதால் அதன் தேர்வில் அவருக்கு வாய்ப்பே தரவில்லை; ஆண்களின் அணியில்தான் இடம் கிடைத்தது. 1954-இல் ஸ்டோன் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு மாற, கிளவுன்ஸில் அவர் இடத்துக்கு மார்கன் வந்தார்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்குகளாக 2020-இல் அங்கீகரித்தார்கள். 2024-இல் அந்தப் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. ஆனால் கணக்கு 1920 முதல் 1948 வரைதான். லீக் நொடிந்த பிறகே இவர்களுக்குக் கதவு திறந்தது. நொடிந்த பிந்தைய ஆண்டுகள் என்பதாலேயே இவர்கள் ஆட்டம் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மைதானத்துச் சிலைகளிலும் பெண் ஆட்டக்காரர் யாரும் இல்லை.

வெளியே வந்ததும் 22-ஆவது தெருவும் புரூக்ளின் அவென்யூவும் சேரும் முனைக்குப் போங்கள்; காரில் சில நிமிடம். மோனார்க்ஸின் சொந்த மைதானம் இருந்த இடம் அது. 1976-இல் இடித்துவிட்டார்கள். இப்போது மோனார்க் பிளாசா என்ற சிறு சதுக்கம் இருக்கிறது, சுற்றிலும் வீடுகள். பெரிதாகக் கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஸ்டோன் பெயரிலேயே ஒரு மைதானம் பார்க்க வேண்டுமென்றால், அவர் வளர்ந்த மினசோட்டாவின் செயின்ட் பால் நகருக்குத்தான் போக வேண்டும். மேமி ஜான்சன் பெயரில் இருப்பது வாஷிங்டனில்.