42.3 என்ற எல்லைக்கோடு

பிரிட்டனில் தீயணைப்பு வீரர் ஒருவரின் உடல், கடும் உழைப்பின்போது எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 42.3 மில்லிலிட்டர் ஆக்சிஜனையாவது பயன்படுத்த வல்லதாக இருக்க வேண்டும் என்று பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். குழாயை இழுத்துக்கொண்டு ஓடுவது, கருவிகளைச் சுமப்பது, படியேறுவது போன்ற பணிகளை வீரர்களைச் செய்ய வைத்து அளந்து கண்ட எண் இது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இளையவருக்கும் மூத்தவருக்கும் இதுவே அளவு. தீயின் கடுமை ஆள் பார்த்துக் குறைவதில்லை என்பதால், இது நியாயம் என்றே கருதுகிறேன்.

இதைச் சோதிக்கும் முறைகளில் செஸ்டர் டிரெட்மில் நடைச் சோதனையே எனக்கு நம்பகமானதாகத் தோன்றுகிறது. வேகம் மணிக்கு 6.2 கிலோமீட்டரிலேயே நிற்கும். சரிவு மட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 3 சதவீதம் கூடி, இறுதியில் 15 சதவீதத்தைத் தொடும். அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களில் கெண்டைக்கால் கடுக்கும், பேச்சு வராது. ஆனாலும் ஓட வேண்டியதில்லை. பன்னிரண்டு நிமிடமும் நடந்து முடித்தவர் தேவையான உழைப்பைச் செய்தே காட்டிவிடுகிறார்.

படியேறும் சோதனை அப்படியன்று. தாளக்கருவியின் ஓசைக்கு ஏற்பப் பலகையில் ஏறி இறங்குபவரின் இதயத் துடிப்பைக் கொண்டு, அவருடைய உச்சத் திறன் கணித்துச் சொல்லப்படுகிறது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்பது அதன் அடிப்படை. ஆனால் ஒரே வயதுடைய இருவரின் உச்சத் துடிப்பு பத்துக்கும் மேல் வேறுபடுவது சாதாரணம். பதற்றமும் புழுக்கமான அறையும் துடிப்பை ஏற்றி ஒருவரைத் திறன் குறைந்தவராகக் காட்டும். இரத்த அழுத்தத்துக்காகச் சிலர் உட்கொள்ளும் பீட்டா பிளாக்கர் மருந்தோ துடிப்பை அடக்கி, இல்லாத திறனை இருப்பதாகக் காட்டும். இது இன்னும் ஆபத்தானது. ஆகவே இம்முறையை முதற்கட்ட வடிகட்டலுக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, இதை மட்டும் நம்பி எவரையும் பணியிலிருந்து விலக்கக் கூடாது.

பரிந்துரையின்படி 42.3க்குக் கீழே, ஆனால் 35.6க்குக் குறையாமல் இருப்பவர்கள் பயிற்சி உதவியோடு பணியில் தொடரலாம். அதற்கும் கீழே போனால் களப்பணி இல்லை. வயது ஏற ஏற இத்திறன் இயல்பாகவே சரியும். ஓய்வு வயதோ 60 வரை நீள்கிறது. எனவே தேர்ச்சியா தோல்வியா என்று மட்டும் பதியாமல், ஒவ்வொருவரின் அளவும் ஆண்டுக்கு ஆண்டு எப்படி இறங்குகிறது என்பதைக் கவனித்து, எல்லையைத் தொடுவதற்கு முன்பே பணிநேரத்துக்குள் பயிற்சிக்கு இடம் ஒதுக்க வேண்டும்.